அப்பாரு சொன்ன பெயர்கள்

1

நான். என் மனைவி சாந்தி. மகள் கிரேஸ், வயது பதின்மூன்று. என்னோடு போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்யும் முருகேசன், திருச்செங்கோட்டுக்காரன். டிரைவர் பழனிச்சாமி. வண்டிக்குச் சமைத்துப் போடும் மதியழகன். ராடு மாட்டும் ஜோசப், இந்த நாட்டுக்காரன். பக்கத்து வீட்டு மாமா நீமா. இங்கே அம்மாவை 'மாமா' என்பார்கள். நீமாவின் அம்மா என்பதால் அவர் மாமா நீமா. தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்த போனுக்குள் ஊரிலிருந்து என் அத்தையும் அம்மாவும்.

வரவேண்டிய ஒருவர் வரவில்லை. போதகர். வழியில் ஆற்றில் வெள்ளம், வண்டி கடக்கவில்லை என்று போன் செய்தார். நீங்களே ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்றைக்கு என் அப்பாரு இறந்து ஒரு வருடம். எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை அப்பாரு என்போம். பெயர் ஞானமுத்து. ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஆலையில் களத்தில் ஜவ்வரிசி காயப்போடுவது அவர் வேலை. சபையில் அவருக்குப் பதவி எதுவும் இல்லை.

நான் போர் போடுகிறவன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினேன். முதலில் வடக்கே போனோம், பிறகு கப்பலில் வண்டி ஏற்றி இந்தக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தோம். பதினாறு வருடம் ஆகிறது. மகள் இங்கேதான் பிறந்தாள்.

நாற்பத்தாறு வயதுவரை நான் வாய்விட்டு ஜெபம் செய்ததில்லை. அன்று செய்யவேண்டி வந்தது. அதுவும் அப்பாரு செய்த மாதிரியே, அவர் பெயரை மட்டும் விட்டுவிட்டு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2

அப்பாரு சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபம் செய்வார். குளித்திருப்பார். ஆனாலும் கிழங்கு மாவின் புளித்த வாசம் அவர்மேல் இருக்கும். முழங்கால் போட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். நாங்கள் பாயில்.

பேசும்போது 'ஊடு' என்பவர் ஜெபத்தில் 'வீடு' என்பார். பேசும்போது 'வாரேன்', ஜெபத்தில் 'வருகிறேன்'. பைபிளில் இருக்கிற மாதிரி. ஆண்டவருக்கு நம்ம பேச்சு புரியாதா அப்பாரு என்று ஒரு தரம் கேட்டேன்.

"புரியும் சாமி. கலெக்டரப் பாக்கப் போனா சட்டை போட்டுக்கிட்டுத்தான போறோம்? அதாட்ட."

அவர் ஜெபம் நீளமாக இருக்காது. எனக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்கமாட்டார். பெயர்களைச் சொல்வார், அவ்வளவுதான். "ராகேலை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று ஆரம்பிப்பார். ராகேல் என் அத்தை, அப்பாருவின் மகள். அத்தை வீட்டார் முடிந்ததும் என் அப்பா யோசுவா. பிறகு அம்மா லீதியாள். பிறகு நான், தானியேல். ஒவ்வொரு பெயருக்கும் அதே வார்த்தை. கடைசியில் "அடியேனையும்" என்பார். தன் பெயரை அவர் சொல்லமாட்டார். ஜெபிக்கிறவன் தன் பெயரைச் சொல்லக் கூடாது, அது மரியாதை இல்லை என்பார்.

எங்கள் சபையில் வேறு யாரும் இப்படிச் செய்து நான் பார்க்கவில்லை. அது அவர் வழக்கம்.

3

அந்தப் பெயர்களில் ஆலை முதலாளியும் உண்டு. அவர் கோயிலுக்குப் போகிறவர். நெற்றி நிறையத் திருநீறு. ஞாயிற்றுக்கிழமை அப்பாரு களத்துக்கு வரமாட்டார் என்பது அவருக்குத் தீராத கோபம்.

ஒரு ஞாயிறு ஆராதனை நடக்கும்போது மேகம் கட்டியது. களம் முழுக்க ஜவ்வரிசி. முதலாளி ஆள் அனுப்பினார். அப்பாரு கடைசி ஆசீர்வாதம் கேட்டபிறகுதான் எழுந்தார். போவதற்குள் கால்வாசி நனைந்துவிட்டது. நானும் கூடப் போனேன்.

"ஏனய்யா ஞானமுத்து, அங்க உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தியே, உங்க ஆண்டவரு இந்த மழைய அரை மணி நேரம் நிறுத்தமாட்டாரா?"

"நிறுத்துவாருங்க. ஆனா இந்தப் பக்கம் நீங்க ஒருத்தரு வேண்டாங்கறீங்க. அந்தப் பக்கம் தோட்டத்துக்காரங்க அத்தன பேரும் வேணுங்கறாங்க. அவரும் யாரு பேச்சத்தான் கேப்பாருங்க?"

முதலாளி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஒரு நாள் கூலியைப் பிடித்தார்.

இரண்டு மூன்று வருடம் கழித்து அவர் மகளுக்குப் பிரசவம் கஷ்டமாகி, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலம் முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவும் இல்லை.

"நீ பேரு சொல்லுவியாமே. புள்ள பேரச் சொல்லு."

"சொல்றனுங்க. உங்க பேரையும் சேத்தட்டுங்களா?"

"எனக்கென்ன கேடு? புள்ளயச் சொன்னாப் போதும்."

குழந்தையும் தாயும் பிழைத்தார்கள். ஒரு மாதம் போயிருக்கும். களத்தில் எல்லோர் எதிரிலும் முதலாளி சத்தமாகக் கேட்டார்: "ஞானமுத்து, அந்த லிஸ்டுல என்னையும் போட்டுட்டியா இல்லையா?"

"அன்னைக்கே போட்டாச்சுங்க."

4

என் அப்பா லாரி கிளீனர். வடக்கே போனால் இருபது நாள், ஒரு மாதம். எனக்குப் பதினொரு வயதில் நாக்பூர் தாண்டி ஒரு இடத்தில் வண்டி கவிழ்ந்தது. உடம்பு வந்து சேர நாலு நாள். அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். ஏழு மணி ஆனது. அப்பாரு முழங்கால் போட்டார்.

அத்தை வீட்டார் பெயர் முடிந்தது. அடுத்து அப்பா பெயர். நான் காத்திருந்தேன். அப்பாரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு "லீதியாளை உமது கரத்தில்" என்றார்.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆமென் சொன்னதும் கேட்டேன்.

"அப்பாரு, அய்யன் பேர உட்டுட்டீங்க."

"உட்டேன் சாமி."

"ஏன்?"

"அவன் ஊடு போய்ச் சேந்துட்டான். சேந்தவனுக்கு எதுக்கு நம்ம ஜெபம்? வழியில இருக்கறவங்களுக்குத்தான் ஜெபம்."

செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்பது எங்கள் சபையில் சொல்லித் தந்தது. எல்லோருக்கும் தெரியும். ஆனால் மகனை அடக்கம் செய்த அன்றைக்கே அப்படி விட யாருக்கு முடியும்? அவரால் முடிந்தது. பிறகு ஒரு நாளும் அந்தப் பெயர் ஜெபத்தில் வரவில்லை. பேச்சில் வரும். சோற்றுத் தட்டில் கை வைத்தபடி, 'யோசுவாவுக்கு இந்தக் கொழம்புன்னா உசுரு' என்பார். ஜெபத்தில் வராது.

அம்மா அப்போது அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

5

இந்த நாட்டில் காலை ஏழு மணியை ஒரு மணி என்பார்கள். சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுவது. வந்த புதிதில் வேலை அனுமதி அலுவலகத்தில் நாலு மணிக்கு வா என்றார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பூட்டிய கதவு முன்னால் நின்றேன். அவர்கள் சொன்னது காலை பத்து.

ஊரில் ராத்திரி ஏழு என்றால் இங்கே சாயங்காலம் நாலரை. ஞாயிறு தோறும் அந்த நேரத்துக்கு அத்தை போன் போட்டு அப்பாரு பக்கத்தில் வைப்பார். வண்டி எந்தக் காட்டில் நின்றாலும் சிக்னல் இருக்கும் மேட்டில் ஏறி நிற்பேன். ஸ்பீக்கரில் போடுவேன்.

"உன்றகூட வண்டியில யாராரு இருக்காங்க?" என்று ஒரு நாள் கேட்டார். சொன்னேன். அடுத்த ஞாயிறு முருகேசன், பழனிச்சாமி, மதியழகன், ஜோசப் நாலு பெயரும் ஜெபத்தில் வந்தது. முருகேசன் சபரிமலைக்கு மாலை போடுகிறவன். புதிதாகப் போர் போடும் இடத்தில் எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டாமல் வண்டியைத் தொடமாட்டான். அவன் போன் பக்கம் வந்து கத்துவான்.

"அப்பாரு, எம்பேர மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க. இந்த மாசம் போட்ட எடமெல்லாம் தண்ணியில்லாம வெறும் பொகையாத்தான் வருது."

"தண்ணி கேக்கற வேல என்றது இல்ல கண்ணு. நீ கையி காலு முழுசா ஊரு வந்து சேரு. அதத்தான் கேக்கறேன்."

வீட்டில் இருக்கும் ஞாயிறுகளில் மகளும் கேட்பாள். அவளுக்குத் தமிழ் பாதிதான். பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் சுவாஹிலி. பெரியவர்களை நீ என்பாள், நாங்கள் திருத்துவோம், மறுபடி நீ என்பாள். ஜெபத்தில் அவளுக்கு எதுவும் புரியவில்லை. பொழுது போகாமல் பெயர்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். சுவாஹிலியில். முடிந்ததும் "குமி நா டிசா" என்பாள். பத்தொன்பது.

சரியாகத்தான் எண்ணியிருந்தாள். அத்தை வீட்டில் ஆறு பேர். அம்மா ஒன்று. நான், சாந்தி, கிரேஸ் மூன்று. ஆலை முதலாளி, அவர் மகள், அந்தப் பிரசவத்தில் பிறந்த பேத்தி, அடுத்த தெருவில் படுக்கையில் கிடக்கும் தறிக்காரர், பால் ஊற்றும் சின்னம்மா என்று ஊரில் ஐந்து. வண்டியில் நாலு. பத்தொன்பது பேர்.

6

போன வருடம் அப்பாரு இறந்தபோது என் பாஸ்போர்ட், வேலை அனுமதி புதுப்பிக்கும் அலுவலகத்தில் இருந்தது. அது அங்கே இருக்கும்வரை நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. போய்க் கேட்டேன்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள்தான். யார் இறந்தது என்று கேட்டாள். பாபு என்றேன். அவர்கள் பாஷையில் தாத்தா. வயது? தொண்ணூறுக்கு மேல். அவள் முகம் மலர்ந்தது. "அவ்வளவு வயதா! ஆசீர்வாதம்" என்றாள். கேலி இல்லை. இங்கே அந்த வயதில் போனால் கொண்டாடுவார்கள். பிறகு "கேஷோ" என்றாள். நாளை. இந்த பாஷையில் நான் முதலில் கற்ற வார்த்தை அது.

மறுநாள் ஊரில் அடக்கம். நான் வேலைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?

அத்தை மகன் கல்லறையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். அந்த நேரம் வண்டி பாதிக் குழி போட்டிருந்தது. பாதியில் நிறுத்தினால் மண் சரிந்து ராடு உள்ளே சிக்கிக்கொள்ளும். முருகேசன் வந்து, "அண்ணா, நீங்க போய்ப் பாருங்க, நா புடிக்கறேன்" என்றான். லீவரை விடவில்லை நான். போனை எதிரில் கம்பியில் மாட்டினேன். பாட்டுப் பாடுகிறார்கள் என்று வாய் அசைவதில் தெரிந்தது. கம்ப்ரசர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆலை முதலாளி தடி ஊன்றி நிற்பது தெரிந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து மண் போட்டார்கள். பிறகு புழுதி வந்து போனை மூடிவிட்டது.

அந்த இடத்தில் தண்ணீர் வந்ததா என்று மகள் கேட்டாள். வரவில்லை.

7

அதன்பிறகு ஞாயிறு போன் நிற்கவில்லை. அத்தை ஒரு பாட்டுப் பாடுவார், பரமண்டல ஜெபம் சொல்வார், முடிந்துவிடும். பெயர்கள் மட்டும் இல்லை. சில மாதம் போனதும் கிரேஸ் கேட்டாள்.

"ஏம்ப்பா இப்ப யாரும் நம்ம பேரு சொல்லல?"

அத்தையிடம் கேட்டேன்.

"நாஞ் சொல்லக்கூடாது. நீதான் சொல்லோணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"நானுங்களா? எனக்குப் பேசவே வராதுங்களே அத்த."

"அதத்தான் நானுங் கேட்டேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'அவன் நாலு வார்த்தைக்கு மேல பேசமாட்டான், ஆண்டவருக்கும் அலுப்புத் தட்டாது'ன்னாரு."

அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன்.

வருடம் திரும்புகிற அன்று செய்வது என்று முடிவானது. அத்தை கண்டிப்பாகச் சொன்னார்: "இதுல நின்னு போச்சுன்னா போனதுதான். எம் பசங்க செய்யமாட்டாங்க. உம்புள்ளைக்குத் தமிழே வராது."

அந்த ஒரு வருடத்தில் எங்கள் பெயர்களில் யாரும் சாகவில்லை. புதிதாக யாரும் சேரவில்லை. நான் வண்டியில் வேலை செய்துகொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஜெபிக்கிறவன் தன் பெயரைச் சொல்லக் கூடாது. இனி நான் அடியேன். பத்தொன்பதில் என் பெயர் போய்விடும். பதினெட்டுத்தான் சொல்லவேண்டும்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஒருவர் என் பெயரைச் சொல்லிக்கொண்டு இருந்தார். நான் நாக்பூர் வழியில் போனபோதும், கப்பலில் வந்தபோதும், மலேரியாவில் கிடந்தபோதும். இனி அதைச் சொல்ல ஆள் இல்லை.

சாந்தியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இதுக்குப்போயி. நாந்தான் தெனமும் மனசுக்குள்ள சொல்றனே."

"நீயா? எப்ப இருந்து?"

"கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து. பாதி நாளு திட்டிக்கிட்டே சொல்றதுதான்."

8

போதகர் வரவில்லை என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் வந்திருந்தால் பாட்டு, வசனம் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார், நான் நடுவில் பெயர் மட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது முழுவதும் நான்.

போனுக்குள் இருந்து அத்தை சத்தம் போட்டார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கற? பாறையில ஓட்ட போடறவனுக்கு வாயத் தொறக்க முடியலயா?"

முழங்கால் போட்டேன். பிடிக்கக் கட்டில் இல்லை. நாற்காலியைப் பிடித்தேன். கிரேஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். முருகேசனும் பழனிச்சாமியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மாமா நீமா கண்ணை மூடி, ஒரு வார்த்தை புரியாமலே, எனக்கு முன்பாகவே ஆமென் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ராகேலை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன்."

சத்தம் வந்தது. யாருடைய குரலோ மாதிரி இருந்தது. ஆனால் வந்தது. பிறகு வண்டி ஓட ஆரம்பித்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கடைசியில் "அடியேனையும்" என்றேன். ஆமென். எழுந்தேன். முடித்துவிட்டேன் என்று இருந்தது. போனில் அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருந்தார். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. "முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

ஆட்டுக்குழம்பும் சோறும் போட்டோம். கை கழுவும் இடத்தில் கிரேஸ் வந்து நின்றாள்.

"அப்பா, குமி நா டிசா. இன்னிக்கும் கரெக்ட்."

"இல்ல கண்ணு. பதினெட்டு வரும். அப்பா பேரு கிடையாது."

"இல்லப்பா. நா எண்ணுனேன். பத்தொம்பது."

சாந்தி தட்டுகளை எடுத்துக்கொண்டு இருந்தாள். முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"அவ சரியாத்தான் எண்ணுனா. அத்த, அதான் உங்கம்மா பேரு முடிஞ்சதும், உங்க பேரு வர்ற எடத்துல, அப்பாரு பேரச் சொன்னீங்க."

"நானா?"

"ஞானமுத்துவை உமது கரத்தில்னு. தெளிவாச் சொன்னீங்க. எல்லாருங் கேட்டம்."

முருகேசனைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான்.

எனக்கு ஞாபகமே இல்லை. இப்போதும் இல்லை. இத்தனை மாதம் பழகிப் பார்த்து, இதை ஒன்றைத்தான் செய்யக் கூடாது என்று வைத்திருந்தேன்.

போன் இன்னும் அணையவில்லை.

"அத்த, தப்பாப் போச்சுங்க."

"தப்புத்தான் சாமி."

"அப்பவே ஏன் சொல்லலீங்க?"

"ஒரு வருசமா அந்தப் பேர யாருமே வாய்விட்டுச் சொல்லல. கேட்டுக்கிட்டு இருந்துட்டேன். அப்பா இருந்தா வெய்வாரு. அடுத்த ஞாயித்துக்கெழம சரியாச் சொல்லிரு."

9

அடுத்த ஞாயிறு. நாலரை மணி. போன் குடத்தின்மேல். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை வீட்டார் ஆறு பேரையும் சொன்னேன். அம்மாவைச் சொன்னேன்.

அந்த இடம் வந்தது. பெயர் நாக்கில் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன். மூச்சு இழுத்தேன். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. பதினொரு வயதில் கேட்ட அதே சத்தம். அன்றைக்கு அப்பாரு எதை விழுங்கினார் என்று தெரிந்தது.

"சாந்தியை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன்" என்றேன். மகளைச் சொன்னேன். ஊரில் ஐந்து பேர். வண்டியில் நாலு பேர். அடியேனையும். ஆமென்.

கண்ணைத் திறந்தேன். கிரேஸ் விரல்களை இன்னும் மடக்கவில்லை. என்னைப் பார்த்தாள். சரிதானா என்று கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

பதினெட்டு.